ஸ்டே வாங்கினவர் என்ன கட்டினார்?

வாடகை ஒப்பந்தம் பத்தின எபிசோடைக் கேட்டுட்டு, செம்பாக்கத்துல இருந்து ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "ஒருத்தர் கோர்ட்ல ஸ்டே வாங்கி என் கடையை நிறுத்திட்டார். நாளைக்கு அவர் சொன்னது பொய்னு ஆச்சுன்னா என் நஷ்டத்தை யார் தருவா?" கேள்வி இவ்வளவுதான். பதிலுக்கு ஒரு எபிசோடு தேவைப்படுது. எனக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி என் மாமா இதையே கேட்டார். அப்போ நான் சீனியர் ஆபீஸ்ல ஜூனியர். என்கிட்ட பதில் இல்லை. இல்லாததுக்குக் காரணமும் ஓரளவு நான்தான். அதுக்கு வரேன்.

முதல்ல ஒரு வார்த்தையைச் சரி பண்ணிக்குவோம். பேச்சு வழக்குல எல்லாத்தையும் ஸ்டேன்னு சொல்லிடுறோம். ஒரு ஆளைப் பார்த்து 'இதைச் செய்யாதே'ன்னு கோர்ட் சொன்னா அது இஞ்சங்ஷன், தடையுத்தரவு. கோர்ட் தமிழ்ல உறுத்துக்கட்டளைன்னு எழுதுவாங்க. ஒரு தீர்ப்பையோ நடவடிக்கையையோ நிறுத்தி வைக்கிறதுதான் ஸ்டே. இன்னைக்குப் பேசப்போறது தடையுத்தரவைப் பத்தி. அதுலயும், வழக்கு முடியுற வரைக்கும்னு கொடுக்கிற இடைக்காலத் தடையைப் பத்தி.

மாமான்னா அம்மாவோட தம்பி. சேலையூர் தாண்டி அகரம்தென் ரோடு பக்கம் இட்லி மாவு தயாரிக்கிறார். ஒரு ஷெட், நாலு பெரிய கிரைண்டர், அஞ்சு பேர் வேலைக்கு, ஒரு குட்டியானை. விடியக்காலை நாலரைக்கு வண்டி கிளம்பினா கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் வரைக்கும் கடை கடையா பாக்கெட் இறங்கும். அப்போ ஒரு நாளைக்கு 400 கிலோ ஓடிட்டிருந்தது.

ஷெட் இருக்கிறது உள்மனையில. மெயின் ரோட்டுக்கு வர ஒரே ஒரு பாதை. முன்மனைக்காரர் அந்தப் பாதை முழுக்க தன்னோடதுன்னு வழக்குப் போட்டார். கூடவே ஒரு இடைக்கால மனு: வழக்கு முடியுற வரைக்கும் பிரதிவாதி இதுல வண்டி ஓட்டக் கூடாது. பொங்கல் லீவுக்கு முந்தின வாரம், மாமாவுக்கு நோட்டீஸே போகாம உத்தரவு வந்துடுச்சு. எக்ஸ்பார்ட்டின்னு சொல்வாங்க. எந்தக் கோர்ட்னு சொல்லப்போறதில்லை. நீதிபதி மேல எனக்குக் குறையும் இல்லை. அவர் முன்னாடி இருந்தது ஒரு பக்கத்துக் காகிதம் மட்டும்தான்.

வண்டி போகக் கூடாதுன்னா என்ன ஆகும்? அரிசி மூட்டை, உளுந்து மூட்டை எல்லாம் மெயின் ரோட்டுல இறக்கித் தலைச்சுமையா உள்ள போகணும். மாவு அதே மாதிரி வெளியே வரணும். மாவு புளிக்கிற பொருள், யாருக்காகவும் காத்திருக்காது. 400 கிலோ ஓடின இடத்துல 120 கிலோதான் சமாளிக்க முடிஞ்சது. காலையில ஆறு மணிக்கு மாவு வரலைன்னா கடைக்காரர் ஏழு மணிக்கு வேற பிராண்ட் வாங்கி வச்சுடுவார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது.

நாங்க கவுன்ட்டர் போட மூணு வாரம் ஆச்சு. அப்புறம் வாய்தா. நடுவுல சில நாள் வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. மே மாசம் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஜூன்லதான் விசாரணை முழுசா நடந்தது. அதுல ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தோட நகலை எடுத்துக் கொடுத்தோம். பாதை ரெண்டு மனைக்கும் பொதுன்னு அதுல தெளிவா எழுதியிருக்கு. அந்தப் பத்திரத்து வழியாத்தான் வாதிக்கே அந்த மனை வந்தது. ஆனா தன் மனுவுல அதைப் பத்தி மூச்சே விடலை. தடை ரத்தாச்சு. மொத்தம் ஏறக்குறைய 150 நாள்.

அன்னைக்கு சாயங்காலம் கோர்ட் வாசல் டீக்கடையில மாமா கேட்டார்.

"பாப்பா, ஜெயிச்சுட்டோம்ல?"

"ஜெயிச்சுட்டோம் மாமா."

"சரி. இத்தனை நாள் என் வண்டியை நிறுத்தி வச்சதுக்கு அந்த ஆள் கோர்ட்ல என்ன கட்டினார்?"

"கோர்ட் ஃபீஸ் கட்டினார்."

"எவ்ளோ?"

சொன்னேன். நாங்க குடிச்ச டீ, பஜ்ஜி கணக்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மாமா சிரிக்கலை. "கிரைண்டர் வாங்க லோன் கேட்டப்போ பேங்க்ல ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துக் கேட்டாங்க. என் பொழப்பையே நிறுத்துறதுக்கு ஒரு ஜாமீன்கூட வேண்டாமா?"

வேணும்னு கேட்க சட்டத்துல இடம் இருக்கு. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

சிவில் நடைமுறைச் சட்டம் 1908-ல வந்தது. அதுல ஆர்டர் 39, விதி 2 தடையுத்தரவு கொடுக்கும்போது கோர்ட் என்னென்ன நிபந்தனை போடலாம்னு சொல்லுது. இத்தனை நாளைக்கு மட்டும்னு சொல்லலாம், கணக்கு வச்சுக்கச் சொல்லலாம், செக்யூரிட்டி கொடுக்கச் சொல்லலாம். செக்யூரிட்டின்னா பிணையம். தடை கேட்கிறவர், 'நாளைக்கு நான் கேட்டது தப்புன்னு ஆச்சுன்னா எதிராளியோட நஷ்டத்துக்கு இது இருக்கு'ன்னு ஏதாவது ஒண்ணை முன்கூட்டியே வைக்கணும். பணமா கோர்ட்ல கட்டலாம், ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதைக் கொடுக்கலாம், பேங்க் கேரன்டி கொடுக்கலாம், சொத்து இருக்கிற ஜாமீன்தாரைக் கூட்டிட்டு வரலாம். ஜாமீன்தார்னா பெரும்பாலும் தாசில்தார்கிட்ட சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்வாங்க.

ஆனா சட்டத்துல இருக்கிற வார்த்தை 'கேட்கலாம்'. 'கேட்கணும்' இல்லை. யாரும் ஞாபகப்படுத்தலைன்னா, கட்டு கட்டா ஐ.ஏ. குவிஞ்சு கிடக்கிற கோர்ட்ல அதுவா நடக்காது. மாமா வழக்குல கவுன்ட்டரை டிராஃப்ட் பண்ணது நான். பாதை உரிமை பத்தி பன்னிரண்டு பாரா எழுதினேன். 'தடையைத் தொடர்வதானால் வாதி பிணையம் தர உத்தரவிட வேண்டும்'னு ஒரு பாரா எழுதலை. தோணவே இல்லை. சீனியருக்கும் தோணலை.

சரி, பின்னாடி நஷ்டஈடு கேட்க முடியாதான்னு நினைப்பீங்க. அதே சட்டத்துல பிரிவு 95 இருக்கு. போதுமான காரணம் இல்லாம தடை வாங்கினார்னு தெரிஞ்சா, அதே கோர்ட்ல ஒரு மனு போட்டு நஷ்டஈடு கேட்கலாம். உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 50,000 ரூபாய். அதுவும் 2002-ல அமலுக்கு வந்த திருத்தத்துக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி 1,000 ரூபாய்.

மாமாவோட கணக்கைப் போடுவோம். ஒரு நாளைக்கு 280 கிலோ குறைஞ்சது. கிலோவுக்கு 8 ரூபாய் நிக்கும்னு வச்சா ஒரு நாளைக்கு 2,240 ரூபாய். 150 நாளைக்கு 3,36,000. தலைச்சுமை கூலி தினம் 400-ன்னா 60,000. ஆக மொத்தம் 3,96,000. போன கடைகள் திரும்பி வராததை இதுல சேர்க்கலை. இதுக்கு உச்சபட்சம் 50,000. இன்னொரு சிக்கல், பிரிவு 95 மனுவுல உத்தரவு ஒண்ணு வந்துடுச்சுன்னா, அதே தடைக்காகத் தனியா நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. அதனால எந்த வழின்னு முதல்லயே முடிவு பண்ணணும். தனி வழக்குன்னா, கேட்கிற தொகையில 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்டணும். தமிழ்நாட்டுல 2017 வரைக்கும் இது ஏழரை சதவீதமா இருந்தது. மாமா கணக்குக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய். அது பரவாயில்லை. நியாயமான காரணம் இல்லாம, கெட்ட எண்ணத்தோட தடை வாங்கினார்னு நிரூபிக்கணும். அதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாமா ரெண்டுமே வேண்டாம்னுட்டார். "தினமும் அதே பாதையிலதானே அந்த ஆள் மூஞ்சியில முழிக்கணும்." அதுவும் ஒரு கணக்குதான்.

பெரிய பணம் புழங்குற இடத்துல கதை வேற மாதிரி போகும். 2025 மார்ச் 27 ஞாபகம் இருக்கா? 'வீர தீர சூரன்' ரிலீஸ். காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவங்க தியேட்டர் வாசல்ல நின்னாங்க. படம் ஓடலை. பி4யூ நிறுவனம் டெல்லி ஹைகோர்ட்ல இடைக்காலத் தடை வாங்கியிருந்தது. தயாரிப்புத் தரப்பு 7 கோடி ரூபாய் டெபாசிட் பண்ணணும்னு கோர்ட் சொன்னது, பேச்சுவார்த்தை நடந்தது, சாயங்காலம் படம் வந்துடுச்சு. ஒரே நாள்ல. அந்த வழக்குல யார் பக்கம் நியாயம்னு நான் சொல்ல வரலை. 'பணம்' அப்படிங்கிற பேச்சு முதல் நாளே வந்தது, அதைத்தான் கவனிக்கச் சொல்றேன். ஆனா அங்கயும் டெபாசிட் பேச்சு தடுக்கப்பட்டவர் பக்கம்தான் வந்தது. தடுத்தவர்கிட்ட கேட்கிறது நம்ம ஊர்ல அபூர்வம்.

அபூர்வம்னாலும் சுப்ரீம் கோர்ட் சொல்லாம இல்லை. 1995-ல கோகோ கோலாவுக்கும் குஜராத் பாட்லிங் கம்பெனிக்கும் ஒரு பிரபலமான சண்டை. அந்த பாட்லிங் கம்பெனி கோக்கோட ஒப்பந்தம் போட்டு பானங்களை பாட்டில்ல அடைச்சுக்கிட்டு இருந்தது. அதோட பங்குகள் பெப்சி பக்கம் போயிடுச்சு. கோக் தடை கேட்டுப் போய் வாங்கவும் செஞ்சது. தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் ஒரு விஷயத்தைப் பதிவு பண்ணியிருக்கு: தடை கொடுக்கும்போது, பின்னாடி பிரதிவாதி ஜெயிச்சா அவருக்கு ஈடு கட்டுவேன்னு வாதிகிட்ட உறுதிமொழி வாங்கலாம். 2011-ல ராம்ராமேஸ்வரி தேவி வழக்குல இன்னும் காட்டமா, எக்ஸ்பார்ட்டி தடை கொடுக்கிறதுல ரொம்ப எச்சரிக்கை வேணும், முடிஞ்சவரைக்கும் குறுகிய நோட்டீஸாவது அனுப்பணும், பொய் சொல்லித் தடை வாங்கினவங்களுக்குத் தகுந்த தண்டனை வேணும்னு சொன்னது. சொல்லியிருக்கு. நாம எடுத்துக் காட்டினாத்தான் அது வேலை செய்யும்.

அமெரிக்காவுல ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு விதி 65(சி)-ன்னு ஒண்ணு. தடை கேட்கிறவர், கோர்ட் சொல்ற தொகைக்குப் பிணையம் கொடுத்தாத்தான் தடை. அங்க அதுக்குன்னே ஷ்யூரிட்டி கம்பெனிகள் உண்டு. பிரீமியம் கட்டினா உங்க சார்பா பாண்ட் எழுதிக் கொடுப்பாங்க. இங்கிலாந்துல பாண்டுக்குப் பதிலா, நஷ்டத்துக்கு நான் பொறுப்புன்னு வாதி கோர்ட்டுக்கு உறுதி கொடுக்கிறது வழக்கம். நம்ம ஊர்லயும் ஷ்யூரிட்டி இன்ஷூரன்ஸ் வந்தாச்சு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த வழிகாட்டுதல் 2022 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. ரோடு, பாலம் கான்ட்ராக்ட்டுகளுக்கு பேங்க் கேரன்டிக்குப் பதிலாத்தான் அதை முக்கியமா யோசிச்சாங்க. ஆனா அந்தப் பட்டியல்ல 'கஸ்டம்ஸ் அண்ட் கோர்ட் பாண்ட்'னு ஒரு வகையும் இருக்கு. நான் வாதாடுற கோர்ட்டுகள்ல ஒருத்தர்கூட அதை நீட்டி நான் பார்த்ததில்லை.

அப்போ அமெரிக்கா மாதிரி கட்டாயம் ஆக்கிடலாமான்னு கேட்டா, நான் வேண்டாம்னுதான் சொல்வேன். மாமாவுக்கு நடந்ததைப் பார்த்தவள்தான், ஆனாலும். வீட்டு ஓனர் ராத்திரியோட ராத்திரியா பூட்டை மாத்திட்டார்னு ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்து நிக்கிறா. அவகிட்ட போய் ரெண்டு லட்சம் கட்டுன்னா எங்க போவா? ஏரியில குப்பை கொட்டாதேன்னு ஒரு தெருக்காரங்க சேர்ந்து வழக்குப் போட்டா, பத்து லட்சம் வைன்னா அந்த வழக்கு அன்னைக்கே முடிஞ்சுது. 2025 மார்ச்ல அமெரிக்க அரசாங்கமே இதைக் கையில எடுத்தது. அரசுக்கு எதிராத் தடை கேட்டு வர்றவங்ககிட்ட விதி 65(சி) பிணையத்தை வலியுறுத்திக் கேளுங்கன்னு துறைகளுக்கு வெள்ளை மாளிகையிலிருந்து குறிப்பு போச்சு. எளியவனைக் காப்பாத்த வந்த விதி, எளியவனைக் கோர்ட்டுக்குள்ள விடாத கதவாவும் ஆகலாம்.

கட்டாயம் பொருந்துற இடம் வேற. தாம்பரம் சானடோரியம், பெருங்குடின்னு நம்ம பக்கம் சின்னச் சின்ன சப்ளையர்கள் நிறைய. 2006-ல வந்த எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பணம் வராத சப்ளையர் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போய் ஜெயிச்சுட்டா, அதை எதிர்க்கிற பெரிய கம்பெனி தீர்ப்புத் தொகையில 75 சதவீதத்தை முதல்ல கட்டணும். கட்டினாத்தான் அந்த மனுவையே கோர்ட் கையில எடுக்கும். அங்க யார் கை ஓங்கியிருக்குன்னு சட்டத்துக்கு முன்னாடியே தெரியும். பாதைத் தகராறுல அது தெரியாது. அதனால நீதிபதிதான் ஆளைப் பார்த்து, தொழிலைப் பார்த்து முடிவு பண்ணணும். என் ஆசை ஒண்ணுதான். எக்ஸ்பார்ட்டி தடை கொடுக்கிற ஒவ்வொரு உத்தரவுலயும், பிணையம் ஏன் கேட்டோம், ஏன் கேட்கலைன்னு ஒரு வரி இருக்கணும்.

இப்போ செம்பாக்கம் நேயருக்கு. உங்களுக்குத் தடை உத்தரவு வந்த அன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க. தினசரி எவ்வளவு வித்தது, எவ்வளவு குறைஞ்சது, யார் ஆர்டரை ரத்து பண்ணாங்க, எல்லாம். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், யு.பி.ஐ. ஸ்டேட்மென்ட் பழசு இருந்தா எடுத்து வைங்க. பிணையம் கேட்கும்போது கோர்ட் கேட்கிற முதல் கேள்வி 'எவ்வளவு?' அதுக்குக் காகிதம் வேணும். வாய்ல சொன்னா நிக்காது. உங்க வக்கீல்கிட்ட, தடையை ரத்து பண்ணக் கேட்கிற மனுவுலயே, ரத்து இல்லைன்னா பிணையமாவது வேணும்னு மாற்றுக் கோரிக்கை சேர்க்கச் சொல்லுங்க. எதிராளி எதையாவது மறைச்சிருந்தா அதை விதி 4-ல தனியா எடுத்துக் காட்டணும். தெரிஞ்சே பொய்யோ, திசைதிருப்புற தகவலோ சொல்லி நோட்டீஸ் இல்லாம வாங்கின தடையை ரத்து பண்ணத்தான் அந்த விதி.

இன்னொண்ணு, 30 நாள். நோட்டீஸ் இல்லாமக் கொடுத்த தடை மனுவை 30 நாளுக்குள்ள முடிக்க கோர்ட் முயற்சி பண்ணணும்னு விதி 3ஏ சொல்லுது. முடிக்கலைன்னா தடை தானா செத்துடாது. ஆனா நம்ம தமிழ்நாட்டுல இருந்து போன வெங்கடசுப்பையா நாயுடு வழக்குல, 30 நாள் தாண்டியும் முடிவு பண்ணலைன்னா பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம்னு 2000-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மாமா வழக்குல நாங்க அதையும் செய்யலை. அடுத்த வாய்தாவுல முடிஞ்சுடும், அடுத்த வாய்தாவுல முடிஞ்சுடும்னே இருந்தோம்.

இப்ப என் ஆபீஸ்ல எந்தத் தடை மனுவுக்குக் கவுன்ட்டர் போனாலும் அந்த ஒரு பாரா உண்டு. போன வருஷம் ஒரு மெக்கானிக் ஷெட் வழக்கு. பக்கத்து மனைக்காரர் தடை வாங்கியிருந்தார். எங்க ஆள் ரெண்டு வருஷ பில் புக்கைத் தூக்கிட்டு வந்தார், முழுக்க கிரீஸ் கறை. நீதிபதி புரட்டிப் பார்த்துட்டு எதிர்த்தரப்பு வக்கீலைக் கேட்டார்: "தடை தொடரணும்னா ரெண்டு லட்சத்துக்கு செக்யூரிட்டி தர்றீங்களா?" அந்த வக்கீல் திரும்பி கட்சிக்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். அடுத்த வாய்தாவுல, அட்வகேட் கமிஷனர் வந்து அளக்கட்டும், அதுவரைக்கும் ஷெட் ஓடட்டும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. வழக்கு இன்னும் நடக்குது. யார் ஜெயிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ஷெட் ஓடுது.

கடைசியா கேவியட். உங்க மேல வழக்கு வரப்போகுதுன்னு வாடை அடிச்சா, பிரிவு 148ஏ-ல முன்கூட்டியே ஒரு கேவியட் மனு போட்டு வைக்கலாம். 'எனக்குச் சொல்லாம உத்தரவு போடாதீங்க'ன்னு அர்த்தம். எதிராளிக்குப் பதிவுத் தபால்ல தகவல் அனுப்பணும். 90 நாள் செல்லும், அப்புறம் புதுசாப் போடணும்.

முன்மனைக்காரர் இப்போ இடத்தை ஃபிளாட் கட்டுறவருக்கு வித்துட்டார். சொல்லிவச்ச மாதிரி, பாதையை அளக்க ஆள் வந்துட்டுப் போயிருக்கு. மாமா இப்போ இ.எம்.ஐ. கட்டுற மாதிரி 90 நாளைக்கு ஒரு தடவை கேவியட் போடுறார். நான் மறந்தாலும் அவர் மறக்கிறதில்லை. இந்த எபிசோடைப் பதிவு பண்ண உட்காரும்போது வாட்ஸ்அப்ல மெசேஜ்: "பாப்பா, வர்ற வியாழக்கிழமையோட முடியுது."